மீதி இருப்பு

கண்டனூரில் பங்காளிகள் கூட்டம்.
எழுபத்தொன்பது புள்ளி,
வந்தது முப்பத்தொரு தலை.
மின்விசிறி இரண்டு, ஓடுவது ஒன்று.
அடைக்கப்பன் ஐந்தொகை வாசித்துக்கொண்டிருந்தார்.
சந்தனாதித் தைலம் வாங்கிய பக்கம் வந்ததும்
கண்ணாடியைக் கழற்றிப் பேரேட்டின் மேல் வைத்தார்,
"ஒரு நிமிஷம்" என்றார்,
கொல்லைப் பக்கம் போனார்.
மூன்றாவது தடவை.

தைலத்துக்கு நாற்பத்து மூவாயிரமா என்று கேட்கத்தான்
நான் காரைக்குடியில் பஸ் ஏறியிருந்தேன்.
காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.
அது வேறு விஷயம்.

அவர் திரும்பி வந்து உட்காருமுன்
"கணக்குன்னா மட்டும் அண்ணனுக்குக்
கால் ஒரு எடத்துல தரிக்காதோ?" என்றேன்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
அதில் ஒருவர்
எந்தக் கல்யாண வீட்டிலும்
கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து இலையாகப் பார்த்து
உட்காருகிறவர்.

அடைக்கப்பன் உட்காரவில்லை.
வேட்டியில் ஒரு ரூபாய் அகலம் ஈரம்.
மறைக்கவும் இல்லை.
மைக்கை வாங்கினார். அது கீச்சிட்டு அடங்கியது.

"பேருலயே அடைப்ப வச்சுட்டாக அப்பச்சி.
புராஸ்டேட்டு.
ஒன்றரை வருஷமா.
நெல்லிக்கா அளவு இருக்க வேண்டியது
சாத்துக்குடி ஆயிருச்சு."

சபை தரையைப் பார்த்தது.
"மைக்க அணைங்கப்பா."
"எதுக்கு? தைலக் கணக்க எல்லாரு முன்னாடியும் கேட்டீக.
இதையும் எல்லாரு முன்னாடியும்தான் சொல்லுவேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டு.
மூன்று நாளைக்கு எழுதிவரச் சொன்னாராம் டாக்டர்.
வரவு: காபி, ரசம், மோர், மாத்திரைக்கு அரை டம்ளர்.
பற்று: ராத்திரி பதினொன்றரை, நூறு மில்லி.
ஒன்றேகால், எண்பது.
மூன்று. நாலு பத்து.
ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம், முப்பதே முப்பது.
"போயிட்டு வந்து படுத்தா, ஸ்கேன்ல
நூத்தி எம்பது மீதி இருப்புங்கறாக.
அம்பது வருஷமாக் கணக்கு எழுதுறேன்,
என்னால நேர் பண்ண முடியாத இருப்பு இது ஒண்ணுதான்."

முன்பு சிரித்தவர் இப்போது
நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை விட்டுச் சோதித்ததையும் சொன்னார்:
அரை நிமிஷம். மானம் போகவில்லை,
கூடவே பஸ் ஏறித் திரும்பி வந்துவிட்டது.
ரத்தத்தில் அளவு கூடியிருந்தது,
சதைத் துணுக்கு எடுத்தார்கள்.
முடிவு வரும்வரை பதினோரு நாள்,
பிள்ளையார் நோன்புக்கு நூல் எடுத்துவைப்பதுபோல
நாளுக்கு ஒரு இழை,
வீட்டில்கூடச் சொல்லாமல் எண்ணினாராம்.

"புத்து இல்ல. எனக்கு இல்ல.
உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது.
உங்களுக்கும் தெரியாது.
மாத்திரைக்கு அடங்கல,
தை பொறந்து மதுரையில ஆபரேஷன்.
தைலத்துக்கு ரசீது இருக்கு."
கண்ணாடியை மாட்டி
விட்ட வரியிலிருந்து வாசித்தார்.

ரசீது சரியாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுக்கு எழுந்தபோது
கொல்லையில் வரிசை நின்றது.
எண்பது தாண்டிய சோலையண்ணன்
"இவனுக்கு முந்தியே எனக்கு வந்துருச்சு" என்று
வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னார்,
சொத்துப் பிரிவினையில் மூத்தவர் பங்கு கேட்பதுபோல.

பந்தியில் நான் அடைக்கப்பனுக்கு அடுத்த இலை.
டாக்டர் நம்பர் கேட்டேன். "மச்சானுக்கு."
கும்மாயம் ஒட்டிய விரலைத் துடைத்துவிட்டு
எழுதிக் கொடுத்தார்.
"மச்சானுக்கு ராத்திரி எத்தன தடவை?"
"மூணு."
பேனாவை மூடவில்லை.
கூட்டல் தப்பு என்று தெரிந்தும்
கணக்குப்பிள்ளை பேசாமல் இருப்பானே, அப்படி இருந்தார்.

வீட்டில் சிகப்பி
இருட்டில் தாழ்ப்பாள் சத்தத்தை எண்ணிக்கொண்டு
தூங்குவதுபோல் படுத்திருப்பாள்.

"அஞ்சு" என்றேன்.

இலையோரம் டம்ளரில் தண்ணீர் இருந்தது.
குடித்தேன்,
முழு டம்ளரையும்.