பின்னிருக்கையில் கோப்பை

சீட் பெல்ட் மாட்டியிருக்கிறேன் அதற்கு.
பித்தளைப் பந்தைத் தலையில் தாங்கி
அடம்பிடிக்காத பிள்ளை போல் உட்கார்ந்திருக்கிறது.

நெப்ராஸ்காவில், சாலை இரண்டாகப் பிரியும் இடத்தில்
ஒரு பெட்ரோல் பங்க். பிப்ரவரியின் கடைசிச் சனி.
வடக்கே எழுபது மைலில் ஆன்ஸ்கர் கல்லூரி,
தெற்கே அறுபத்தைந்தில் லூமிஸ்.
இரண்டு அரங்கிலும் பெண்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.
கோப்பை ஒன்றுதான்.
பட்டம் யாருக்கென்று தெரிந்ததும்
வண்டியை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.
கான்ஃபரன்ஸ் அலுவலகத்தில் எனக்கிட்ட வேலைகளில் இது ஒன்று.

இன்னொன்று, அட்டவணை போடுவது.

ஜூலையில் போட்டேன். ஏசி பழுது.
பன்னிரண்டு கல்லூரிகள், ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம்.
எல்லாரும் எல்லாரோடும் இருமுறை மோத
நாளும் போதாது, பஸ்ஸுக்கு டீசலும் போதாது.
ஏழு பேரோடு இரண்டு முறை,
நால்வரோடு ஒரே முறை.
யார் அந்த ஏழு, யார் அந்த நாலு?
சீசனின் பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது.
அதை யாரும் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதில்லை.

கணினி மூன்று வரைவு தந்தது.
ஒன்றில் ப்ரெனக் அரங்கை மல்யுத்தக்காரர்கள் கேட்டார்கள்.
ஒன்றில் கோல்ட் ரிட்ஜ் தரைக்கு வார்னிஷ்.
மூன்றாவதை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.
வான்கோழி சாண்ட்விச்,
கடுகுச் சாந்து கொஞ்சம் அதிகம்.

ப்ரெனக், கோல்ட் ரிட்ஜ், வாலன்:
இந்த மூன்று மலைகளையும்
ஆன்ஸ்கர் இரண்டிரண்டு முறை ஏற வேண்டியிருந்தது.
லூமிஸுக்கோ ஒவ்வொரு முறைதான்,
அதுவும் மலைகளே அவர்கள் வாசலுக்கு வந்தன.

ஜனவரியில் எட்டு நாளில் மூன்று வெளியூர்.
ஹீட்டர் செத்த பஸ்ஸில்
முழங்காலில் ஐஸ் பை கட்டிக்கொண்டே
உயிரியல் பரீட்சைக்குப் படித்தாளாம் மெரிட் சாக்ஸ்டாட்.
மூன்றிலும் தோற்றார்கள்.
வேறெங்கும் தோற்கவில்லை.

பயிற்சியாளர் பிராண்ட்வோல்ட் அழைத்தாள்.
"புகார் இல்லை. ஏன் என்று மட்டும்."
கணினி என்றேன்.
அந்தப் பக்கம் பனி பெய்யும் சத்தம்கூடக் கேட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம்.
இவர்களுக்கு ஆடத் தெரியும்.
கோணல் என்று அவர்கள் சொல்லவும் இல்லை.
நூல் பிடிக்காமல் சுவர் எழுப்பியவனுக்கு மட்டும்
இரவில் கூடம் சாய்ந்து தெரிகிறது.

கார் ரேடியோவில் ஆன்ஸ்கர், கைபேசியில் லூமிஸ்.
ஆன்ஸ்கர் ஜெயித்து, லூமிஸ் தோற்றால்
கணக்கு சமம். நேருக்கு நேர் மோதிய ஒரே ஆட்டத்தில்
பதினொரு புள்ளியில் வென்றது ஆன்ஸ்கர், ஆகவே வடக்கு.
ஆனால் லூமிஸுக்கு இன்று எதிராளி பெல்,
வருஷம் முழுக்க ஒன்றே ஒன்று ஜெயித்த பெல்.
அதையும் நான்தான் போட்டேன்.

பெல் முன்னிலை வகிக்கிறது!
பாதி ஆட்டத்தில் நாலு, பிறகு ஏழு.
இருப்பதையெல்லாம் இன்றே செலவழிப்பவர்கள் போல.
வடக்கே மெரிட் கோல்ட் ரிட்ஜைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள்.
இன்ஜினைப் போட்டேன்.
இண்டிகேட்டர் வடக்கைப் பார்த்து இமைத்தது.
யாரும் இல்லாத சாலையில் எதற்கு இண்டிகேட்டர்?

ஆன்ஸ்கர் ஜெயித்தது, பதினான்கில்.
அரங்கமே நின்றுகொண்டு
இன்னொரு ஊரின் ஸ்கோருக்குக் காத்திருக்கிறது.

நாலு விநாடி மிச்சம்.
லூமிஸின் பெஞ்சுப் பெண் ஒருத்தி, டோவி க்ராஸ்,
இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதலாவது வளையத்தில் யோசித்து விழுந்தது.
இரண்டாவது யோசிக்கவில்லை.
ஒரு புள்ளி.

அவள் எதையும் திருடவில்லை.
எதிரே நிறுத்தியவர்களை வென்றாள், அவ்வளவே.

பங்க் பையன் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டான்:
"யாருக்கு அது?"
லூமிஸுக்கு.
"நல்ல டீமா?"
பதினாறு வெற்றி, இரண்டு தோல்வி என்றேன்.
பொய் ஒன்றுமில்லை அதில்.

தெற்கே திருப்பினேன்.
வளைவில் பெல்ட் இறுகி
பின்னிருக்கையில் ஏதோ முனகியது.