நான்கு விரற்கடைச் சிவப்பு

பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம்
கொஞ்சம் சிவப்பாய்க் கேட்டார்கள்.
மூன்று வரன் அதிலேயே தட்டிப்போயிற்று.
முப்பத்தாறு வயதில்
தைராய்டு கட்டியை எடுத்துவிட்டு
தொண்டைக்குழிக்குச் சற்று மேலே
நான்கு விரற்கடை அளவுக்கு மட்டும்
என்னைச் சிவப்பாக்கி அனுப்பினார்கள்.

தடித்தது. அரித்தது.
சித்திரைப் புழுக்கத்தில்
உள்ளிருந்து யாரோ நூலைச் சுண்டிச் சுண்டி இழுத்தார்கள்.

உஸ்மான் ரோட்டில் எங்கள் கடையில்
ஆரம், அட்டிகை எதுவானாலும்
என் கழுத்தில் வைத்துத்தான் காட்டுவது வழக்கம்.
பதினோரு வருடம்.
இப்போது வருகிறவர்களின் பார்வை
பதக்கத்துக்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிடுகிறது.
சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை.
"கொலுசு செக்‌ஷன்ல ஆள் பத்தலம்மா" என்றார்,
அவ்வளவுதான்.

அண்ணா நகர் கிளினிக்கில்
"கழுத்துல ஏதாவது இருந்தா கழட்டிடுங்க" என்றாள் நர்ஸ்.
எதுவும் இல்லை என்றேன்.
சட்டென்று ஃபைலுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள்.
பாவம், அவள் கேட்டது சங்கிலியை.

டாக்டர் ரெஹானா பொத்தான்களைத் திருகியபடி சொன்னார்:
"இந்த வெளிச்சம் சிவப்பைத்தான் தேடிப் போகும்.
ஆனா உங்க கலர்லயும் கொஞ்சம் கை வைக்கப் பார்க்கும்.
அதுக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது,
பவரைக் குறைச்சே வைக்கிறேன்.
நாலு சிட்டிங் அஞ்சாகும், பரவாயில்லையா?"

என் கறுப்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று
ஒருவர் கவலைப்பட்டு
அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.
கண்ணை மூடியிருந்த கவசத்துக்குள்
கொஞ்சம் ஈரம்.
வலி என்று நினைத்து நிறுத்தினார்.
இல்லை, போடுங்கள் என்றேன்.

நகைப்பெட்டிக்குப் போடும் ரப்பர் பேண்டை
இழுத்து விட்ட மாதிரி
சுள். சுள். சுள்.
இருபத்து மூன்று வரை எண்ணினேன்.
முடி கருகும் வாசம்.
அப்புறம் ஐந்து நாள்
நசுங்கிய நாவல்பழ நிறம்,
துப்பட்டா, பஸ்ஸில் நிழல் பக்கத்து சீட்.
தீபாவளி போனஸ் இரண்டு சிட்டிங்குக்குக் காணும்.

முழுசாகப் போகாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.
போகவில்லை.
தணிந்து, படிந்து,
துணியில் இஸ்திரி மடிப்பு போல ஒரு கோடு.
சிவப்பு மட்டும் இல்லை.
நிறத்தில் மறுபடி நான்.

தை மாதம் அட்டிகைப் பக்கம் திரும்பக் கூப்பிட்டார்கள்.
முதல் ஆளாய் வந்த அம்மா,
"மருமக நல்ல சிவப்பு,
இது அவளுக்கு எடுக்குமா?" என்றாள்.
என் கழுத்தில் வைத்துக் காட்டினேன்.
பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நகையையா என்று
நான் கேட்கவில்லை.