ஏப்ரல் பதினாறு, இரவு பத்தேகால்

இருநூற்றெண்பது வெள்ளி கேட்கிறார் மிஸ்டர் குவெக்.
புக்கிட் மேராவில் ஒரு பல் மருத்துவருக்கு மேல்மாடி,
நாற்காலி இரண்டு, மீன்தொட்டி ஒன்று.
"ரசீதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்,
மிச்சம் என் பாடு."
அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார்.
தமிழாக்கிக்கொண்டது நான். தொழில் புத்தி.

மிச்சம் என் பாடு.
இதைக் கடைசியாக யார் என்னிடம் சொன்னார்கள் என்று
ஈசூன் வரை ரயிலில் யோசித்தேன்,
மின்தூக்கியிலும் யோசித்தேன்,
பதினொன்றில் இறங்க வேண்டியவள்
பதினான்கில் இறங்கி
யாருடைய செருப்பு அலமாரியையோ பார்த்து நின்றேன்.

நானும் அதே பிழைப்புதான் பிழைக்கிறேன்.
மணிக்கு இவ்வளவென்று வாங்கிக்கொண்டு
அடுத்தவர் வாயாக இருப்பது.
சாரத்திலிருந்து விழுந்தவர்
"இடுப்புக்குள்ள யாரோ ஈரத்துணி பிழியிற மாதிரி" என்றார்.
டாக்டருக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் வேண்டும்.
எட்டு என்றேன்.
நீதிமன்றத்தில் ஒருத்தி நாற்பது நிமிடம் அழுதாள்,
நான் சும்மா நின்றேன்,
அந்த நாற்பது நிமிடத்துக்கும் கூலி வந்தது.
அதுவும் இந்த முப்பத்தோராயிரத்து நானூற்று அறுபதுக்குள்
எங்கோ இருக்கிறது.

எனக்கு ஒரு வாய் அமர்த்திக்கொண்டால் என்ன?

செலவுகள்: பேருந்து, ரயில், சட்ட அகராதி,
தொண்டை மிட்டாய் பதினாறு டப்பா.
தொண்டை மிட்டாய் தொழில் செலவாகுமா?
இதை மட்டும் குவெக்கிடம் கேட்டுவிட்டு
ஓடி வந்துவிடலாம்.
பழைய மின்கட்டண உறையின் பின்பக்கம்
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
எப்படிப் போட்டாலும் என் வரி இருநூறைத் தொடவில்லை.
வரியைவிடக் கூலி அதிகம்.
வாசலில் செருப்பைக் காப்பாற்ற
காவலாளி வைத்த கதை.

சரி, நானே.
கைப்பேசி முகத்தைக் காட்டச் சொல்கிறது.
காட்டினேன்.
வெளிச்சம் போதவில்லையாம்.
சமையலறைக் குழல்விளக்கின் கீழ் மறுபடி காட்டினேன்.
நீ நீதான் என்று ஒப்புக்கொண்டது.

பெயர், தொழில், வரவு, எல்லாம் ஓடின.
பெற்றோர் கழிவு என்ற இடத்தில் நின்றது.
தந்தை உங்களுடன் வசிக்கிறாரா?
ஆம்.
பக்கத்து அறையில் குறட்டை, வேண்டுமானால் கேட்டுக்கொள்.
இவருக்காக வேறு யாரும் கோருகிறார்களா?
அப்படியானால் என்ன விகிதத்தில்?

குணாளன்.
தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்து
நாங்கள் பேசுவதில்லை.
என்னைக் கேட்காமல் போன வருடம்
முழுவதையும் அவன் பெயரில் போட்டுக்கொண்டான் என்று
தொடங்கிய சண்டை
அம்மாவின் வளையலில் போய் முடிந்தது.
எனக்கு அது நூற்றெழுபது வெள்ளி விஷயம்,
அவன் சம்பளத்துக்கு அறுநூறு இருக்கும்.
இத்தனை மாத மௌனத்தை
நாளுக்கு இத்தனை காசு என்று
உறையின் மிச்ச இடத்தில் வகுத்துப் பார்த்தேன்.
ஒரு கோப்பி ஓ கூடத் தேறவில்லை.

குவெக் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார்.
இந்தக் கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை வைத்துவிட்டு
"உங்கள் தம்பி என்ன சொல்கிறார்?" என்பார்.
இருநூற்றெண்பதுக்கும் அந்தக் கேள்விதான்.

அனுப்பினேன்:
அப்பா கழிவு. நீ எவ்வளவு போடுற?

வணக்கம் இல்லை, எப்படி இருக்கிறாய் இல்லை.
இரண்டு நீலக் குறி.
எழுதுகிறான். நிறுத்துகிறான். எழுதுகிறான்.
யார் யாருக்கோ நடுவில் நின்றிருக்கிறேன்,
இந்த இருவருக்கு நடுவில் நிற்க ஆளில்லை.

பத்து ஐம்பத்திரண்டுக்கு வந்தது:
இந்த வருஷம் நீயே எடுத்துக்க.
அடுத்த நிமிடமே இன்னொன்று:
அவருக்குக் கால் வீக்கம் இறங்கிடுச்சா?

எட்டு என்றோ ஆறு என்றோ
பதில் சொல்லத் தோன்றவில்லை.
வந்து பாரேன் என்று எழுதினேன்.

படிவத்தை அனுப்பும்போது மணி பதினொன்றரை.
தொண்டை மிட்டாயைச் செலவில் சேர்க்கவில்லை.
பதினாறு டப்பாவையும்
வேலைக்காகத்தான் தின்றேன் என்று
கையொப்பம் போட முடியவில்லை.