கயிறிழுப்பு

கோத்தகிரி எஸ்டேட் விளையாட்டு விழா.
எதிரே
கொழுந்து பறிக்கும் பெண்கள்.
"மெல்ல இழுங்கடா, பறந்துடப் போறாங்க"
மைக்கில் மேஸ்திரி.

நாங்கள் எட்டுப் பேர்,
ஃபேக்டரியில் மூட்டை தூக்குகிறவர்கள்.
புது ஷூ.

முத்துராக்கு செருப்பைக் கழற்றினாள்.
ஈரப் புல்லில் குதிகாலால்
குழி பறித்தாள், அவசரமில்லாமல்.
முப்பது கிலோவோடு தினமும்
சரிவில் நிற்கிற கால்.

பார்க்க ஆனை மாதிரி இருக்கிறேன் என்று
என்னைக் கடைசியில் நிறுத்தி
இடுப்பில் கயிற்றைச் சுற்றினார்கள்.
மார்கழியிலிருந்து
வலது முட்டி பிசகுகிறது.
வீட்டில்கூடச் சொல்லவில்லை.

விசில்.

"அதிசயம்! அதிசயம்!" என்றது மைக்.
சேற்றில் கிடந்தேன்.
அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.
பறித்த குழியைக் காலால் மூடியபடி
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"முட்டி
எப்பயிருந்து?"