மாசூட்டல்

நீடாமங்கலத்து மில்லின் உமிச்சாம்பல் ஒரு சாக்கு
என் மேசைக்கடியில் கிடக்கிறது.
அரைத்து, அமிலத்தில் ஊறப்போட்டு
மூன்று நாள் கழுவினேன்.
சுண்ணாம்பு போயிற்று, இரும்பு போயிற்று,
எந்த வயலிலோ யாரோ வீசிய
பொட்டாஷின் மிச்சமும் போயிற்று.
வெள்ளைவெளேரென்று மிஞ்சிய சிலிக்காவை
எட்டிப் பார்த்து பிலோமின் அக்கா சொன்னாள்:
"இவ்ளோ சுத்தமா இருந்தா எதுக்குடி ஆகும்?"

கேலிதான். பௌதிகமும் அதையேதான் சொல்கிறது.

மெக்னீசியத்தோடு உலையில் இறுக்கிய முதல் வில்லை,
கலப்பே இல்லாதது.
ஒரு முகத்தைச் சுட்டதும்
வோல்ட்டு விறைப்பாக எழுந்து நின்றது;
பல்பை மாட்டியதும் படுத்துக்கொண்டது.
தள்ளுவதற்கு விசை இருக்கிறது, ஓடுவதற்கு ஆளில்லை.
ஷட்டரை முழுக்க ஏற்றினாலும்
மணலைத்தான் காட்டும் மே மாதத்து மூணாறு தலைப்பு.

ஆள் சேர்க்க வேண்டும்.
அதற்குப் பாடநூலில் பெயர் மாசூட்டல்.
யார் வைத்தார்களோ.
பாலூட்டல், சோறூட்டல் வரிசையில்
இதற்கும் ஒரு வாய் திறந்து காத்திருப்பதுபோல.
மூன்று நாள் கழுவிய கையாலேயே
தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி
மூச்சை அடக்கி
ஒரு சிட்டிகை பிஸ்மத்தை நிறுக்கிறேன்.

நான்கு கை கோத்து நின்ற சிலிக்கானின் இடத்தில்
ஐந்து கையோடு போய் உட்கார்கிறது அது.
நான்கை அண்டை அயலுக்குக் கொடுக்கிறது.
ஐந்தாவதை வைத்துக்கொள்ள இடமில்லை.
அந்தக் கைவிடப்பட்ட கைதான்
கம்பிக்குள் ஓடுகிறது.

அரை சதவீதத்தில் பல்பு மினுக்கியது.
ஒன்றில் எரிந்தது.
வோல்ட்டு கொஞ்சம் இறங்கத்தான் செய்தது,
கூட்டம் சேர்ந்தால் ஆளுக்குள்ள மவுசு குறையும்.
ஆனால் பிஸ்மத் கனத்த உடம்பு;
அணுவுக்கு அணு தோள்மாற்றிப் போகும் வெப்பம்
அதில் இடறி விழுகிறது.
மதகில் பறி வைத்தவர்களுக்குத் தெரியும்:
தண்ணீர் போக வேண்டும், கெண்டை நிற்க வேண்டும்.
கண் பெரிதானால் மீன் போச்சு,
சிறிதானால் தண்ணீரும் நின்று மடை உடையும்.

பேராசை யாரை விட்டது. மூன்று சதவீதம் ஊட்டினேன்.
நுண்ணோக்கியில் பார்த்தால்
உள்ளே இடம் கிடைக்காத பிஸ்மத் எல்லாம்
துகள்களின் எல்லையோரம் திட்டுத்திட்டாகக் குந்தியிருக்கிறது.
மின்சாரம் ஓடுகிறது, வெப்பமும் கூடவே ஓடுகிறது,
வோல்ட்டைத் தேட வேண்டியிருக்கிறது.
அந்த வில்லையை எறியவில்லை.
தாள் பறக்காமல் இருக்க உதவுகிறது.

மே கடைசியில், ஒரு சதவீத வில்லைகளைத் தட்டில் கோத்து
நத்தர்ஷா ராவுத்தர் மில்லின் புகைக்குழாயில் கட்டினோம்.
செங்கமலம் உமியைத் தள்ளத் தள்ள
நெல் அவிந்தது, மீட்டர் ஏறியது.
ஒரு மணி நேரம்தான்.
குளிர்ப்பக்கமும் சூடாகிவிட்டது.
பக்கத்து வாய்க்காலில் வெடிப்புதான் ஓடியது.
இருபுறமும் ஒரே சூடென்றால்
எத்தனை நுணுக்கமாக ஊட்டியிருந்தாலும் பயனில்லை.
ஐந்து வருட ஆராய்ச்சி
பூஜ்யம் புள்ளி பூஜ்யத்தில் நின்றது.
"அனலா இருக்கு, தள்ளி நில்லு பாப்பா" என்றாள் செங்கமலம்.

மேட்டூர் திறந்து ஒன்பதாம் நாள்
ராவுத்தரிடமிருந்து போன். வந்துவிட்டது.
முதலில் நுரை, பிறகு சருகு,
பிறகு ஒற்றைச் செருப்பு, பிறகு தண்ணீர்.
குழாயை வாய்க்காலில் இறக்கினோம்.
மீட்டர் எழுந்தது; இறங்கவில்லை.

"இதுல செல்லு ஏறுமா?"
"பாதி ஏறும்க்கா."
"பாதி போதும். மவன் திருப்பூர்லேர்ந்து ராத்திரிதான் கூப்புடுவான்."

குறிப்பேட்டில் எழுதினேன்:
பிஸ்மத், நூற்றில் ஒன்று.
சூட்டுப்பக்கம், உமிப்புகை.
குளிர்ப்பக்கம், கோரையாற்று நீர், இருபத்தொன்பது டிகிரி,
கலங்கல்.