மாணவர் எண்ணிக்கை

ஃபஹாஹீலில் ஆகஸ்ட் கடைசி வெள்ளி.
இரவு எட்டு மணிக்கும் நாற்பத்திரண்டு டிகிரி.
அகமதிப் பக்கம் சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு
எங்கள் குளியலறைக் கண்ணாடியில்
மஞ்சளாய் நடுங்குகிறது.
ஞாயிறன்று பள்ளி திறக்கிறார்கள்.

போன வருடம் இதே இரவு
சாப்பாட்டு மேசை முழுக்கச் சார்ட், கத்தரி, பெவிக்கால்.
பெயரட்டைகள், பதினெட்டு வாரப் பாடத்திட்டம்,
பெற்றோருக்குக் கடிதம், பேருந்துப் பட்டியல்.
முடிக்கையில் ஃபஜ்ர் பாங்கு கேட்டது.

இந்த முறை பிஸிக்ஸ் மெஹ்ருன்னிசா
"இன்னுமா கையால செய்யறீங்க, செம்மலர் மிஸ்?" என்று
என் போனில் ஒன்றை இறக்கிக் கொடுத்தாள்.

நான்காம் வகுப்புத் தமிழ் என்று தட்டிவிட்டு
டீ வைக்கப் போனேன்.
ஏலக்காய் தட்டி, பால் பொங்குவதற்குள்
பதினெட்டு வாரமும் வரிசையில் நின்றன.
கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.
கொஞ்சம்தான்.

முதல் நாளுக்கு, மழை பற்றி ஒரு பத்தி கேட்டேன்.
"தவளைகள் கத்தும் வயல்வரப்பில்" என்று ஆரம்பித்தது.
இவர்கள் குவைத்தில் வளர்பவர்கள் என்றேன்.
மன்னிப்புக் கேட்டுவிட்டு
ஒட்டகம் ஒன்றை ஓட்டிவந்தது.
ஒட்டகம் வேண்டாம்.
ராஜாளி வந்து உட்கார்ந்தது.
அதுவும் வேண்டாம்.
பேரீச்ச மரத்தடியில் பிள்ளைகள் கைகோத்துச் சிரித்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் எங்கே சிரிப்பார்களென்று
அதற்கு யார் சொல்லியிருக்கிறார்கள், பாவம்.
நானே எழுதினேன்:
ஏசித் தண்ணீர் சொட்டும் பால்கனி வாளியில்
ரியாசுதீன் விட்ட காகிதக் கப்பல்
மூன்று நாள் மூழ்காமல் நின்றது.
ஒரு சந்திப்பிழையைத் திருத்தித் தந்து
"அருமை" என்றது.
எல்லாவற்றுக்கும் அது அப்படித்தான் சொல்லும்.
ஆனாலும் இன்னொரு தடவை படித்துக்கொண்டேன்.

இருக்கை வரைபடத்துக்குப் போனால்
ஒரே ஒரு கட்டம்: மாணவர் எண்ணிக்கை.
நிரப்பாமல் மேலே நகராது.

ஜூனில் இருபத்து மூன்று.
யாழரசியின் அப்பாவுக்கு அகாமா புதுப்பிக்கவில்லை என்று
ஜூலையில் யாரோ சொன்னார்கள்.
கம்பெனி மாறிவிட்டார் என்று வேறு யாரோ.
அவள் அம்மாவின் எண் அணைந்து கிடக்கிறது.
வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்.
டி.சி. வாங்கவில்லை, கட்டணமும் வரவில்லை
என்கிறார் அலுவலகத்தில் வில்சன்;
கட்டணம் வராத பெயரைப் பள்ளியின் பட்டியல்
தானாகவே மறைத்துவிடுமாம்.

தன் பெயரின் ழகரத்துக்கு
அடுத்த கோடுவரை வால் இழுப்பவள்.
அதற்காக நான் இரண்டு முறை
மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

தோராயமாகப் போடுங்கள்,
பிறகு மாற்றிக்கொள்ளலாம், என்றது இயந்திரம்.
இருபத்து மூன்று போட்டேன்.

"மூன்றாம் வரிசை, சன்னலோரம்,
ஓர் இடம் காலியாக உள்ளது.
மற்றவர்களை நகர்த்திச் சரிசெய்யட்டுமா?"
வேண்டாம்.
"சரி" என்றது, உடனே.
மெஹ்ருன்னிசாவாக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.
நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்திருப்பேன்.

இருபத்திரண்டு அட்டைகள்
ஒரே அளவில், ஒரே நீலத்தில் அச்சாகி வந்தன.
ஒன்றை மட்டும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்.
அந்த வால் எனக்கு வரவில்லை.

பத்தேகாலுக்கே படுத்துவிட்டேன்.
"உடம்புக்கு என்ன?" என்றார் இவர்.

பழக்கத்தில் இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டியது.
செய்வதற்கு எதுவும் பாக்கியில்லை.
இருட்டில் போனை எடுத்துப் பார்த்தேன்.
இன்னும் ஒற்றை டிக்தான்.