ஒன்பது லிட்டர்

கணினிப் பெட்டியை லிட்டரில் அளப்பார்களென்று
லாமிங்டன் ரோட்டில்தான் தெரிந்துகொண்டேன்.
"ஒன்பது லிட்டர், மேடம்" என்றான் கடைக்காரன்
இந்தியில், தகரத்தைத் தட்டிக் காட்டி.

எனக்கு லிட்டர் என்றால் தண்ணீர்.
ஐந்தரைக்கு வந்து ஏழுக்குள் நின்றுபோவது,
நீல டிரம்மில் நாங்கள் பிடித்து வைக்கும் இருநூறு.
அதில் ஒன்பது என்றால்
அரிசி களைந்து, உலை வைத்து,
முகம் கழுவ ஒரு சொம்பு மிஞ்சும்.

தாராவியில் எங்கள் அறையில்
அதற்குக் கிடைத்த இடம்
சிலிண்டருக்கும் பீரோவுக்கும் நடுவே
ஒரு சாணும் நாலு விரலும்.
அதுவும் சும்மா வரவில்லை.
தம்பி பொன்சிங்கின் கிரிக்கெட் பேட்டைப்
பரணுக்கு ஏற்றிவிட்டுப் பிடுங்கியது.

கார்மெண்ட்ஸில் துணி வெட்டுகிறவள் நான்.
ஞாயிற்றுக்கிழமையும் டேப் பைக்குள் கிடக்கும்.
பட்டியலை எழுதியதும் மார்க்கர் பேப்பரின் பின்பக்கத்தில்,
முன்பக்கத்தில் யாருடைய கைக்கோ பாதிக் கை.
ஓவர்டைம் முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு.
அதற்குள் எல்லாம்.

பெரிய மதர்போர்டு ஆறாயிரம்.
அதே போர்டு, அதே வேலை,
ஒரு சாணுக்குள் அடங்கினால்
பதினோராயிரத்து ஐந்நூறு.
ஏன்?
"சோட்டா ஹை, மேடம். இஸீலியே."
சிரித்துவிட்டேன்.
பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு
இரண்டு லட்சம் டெபாசிட் கட்டியவளிடம்
சொல்கிறான்.

பவர் சப்ளையும் அப்படியே.
குட்டை என்றால் கூட ஆயிரத்து எண்ணூறு.
"பெரிய பெட்டியா வாங்கேன், மலிவு" என்றான்
பொன்சிங் போனில்.
"எங்கடா வைப்ப? உன் தலமாட்டுலயா?"
யோசித்தான்.
நிஜமாகவே யோசித்தான்.

அப்புறம் அந்த கிராபிக்ஸ் கார்டு.
செகண்ட் ஹேண்ட், ஏழாயிரம்.
இரண்டு வருஷம் எவனுக்கோ இராப்பகலாய்க்
காசு தோண்டிக் கொடுத்தது.
மூன்று விசிறி, அதில் ஒன்று இருமியது.
இருமினால் என்ன,
எங்கள் சந்தில் யார்தான் இருமவில்லை.
டேப்பை எடுத்தேன். இருபத்தெட்டு சென்டிமீட்டர்.
பெட்டிக்குள் இருபதுதான்.
இன்னொரு முறை அளந்தேன்,
துணி சிலசமயம் இரண்டாவது முறை இளகும்.
இரும்பு இளகவில்லை.
துணியாக இருந்தால் மடித்துத் தைத்திருப்பேன்.

குட்டையான கார்டு பத்தொன்பதாயிரம்.
அதை நான் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை.

வீடியோ தனக்குள்ளேயே இருக்கிற பிராசஸர் போதும் என்றேன்.
ராம் ஒரே பதினாறாக வேண்டாம்,
எட்டும் எட்டுமாக ஜோடி போடுங்கள், அப்போதுதான் அது ஓடும்.
கடைக்காரன் முதல்முறையாக
என் முகத்தைப் பார்த்துப் பேசினான்.
விலையில் முந்நூறு குறைத்தான்.

ராத்திரி தரையில் பாய்மேல் விரித்து மாட்டினோம்.
ஒயர்களை ஓரத்தில் ஒதுக்கினேன்,
தையலுக்கு முக்கால் அங்குலம் விடுவதுபோலக்
காற்றுக்கும் விட வேண்டும்.
மூடப்போகும்போது பொன்சிங் எட்டிப் பார்த்தான்.
"இவ்வளவு எடம் சும்மா கெடக்கா?"
கார்டு வரவேண்டிய இடம்.
இருபது சென்டிமீட்டர் நீளம், நாலு விரல் அகலம்.
இந்த வீட்டில் எதையும் வைக்காத இடம்
அது ஒன்றுதான்.
அவன் முகத்தில் ஏதோ ஒரு பொருள் தயாராகிக்கொண்டிருந்தது.
திருகாணியை இறுக்கிவிட்டேன்.

ஒன்றரை மணி.
டிவியில் ஏதோ வடநாட்டுப் பனி, என் லாரி,
எல்லாவற்றையும் குறைத்து வைத்தும் திக்கித் திக்கித்தான் நகர்கிறது.
மரங்கள் அட்டையில் வெட்டி நட்டதுபோல.
வானத்துக்கு நாலே நிறம்.
ஆனால் ரோடு இருக்கிறது,
முடியாமல் இருக்கிறது.
நாற்பது கிலோமீட்டர் போயாயிற்று,
எதிரே ஒருவரும் வரவில்லை.
பழக்கதோஷம்,
ஹாரன் அடித்தேன்.